வலையை அறுத்த பிறகு காய்த்த டுரியான்

கிள்ளான்,
20 ஜூலை 2025, ஞாயிறு காலை

என் செல்ல மகள் ஷாமினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்பும் மனசும் தெம்பாக இருக்கிறோம், நீயும் அந்தக் கிளாஸ்கோ மழையில் சளி காய்ச்சல் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, எதற்கு இப்போது கடிதம் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் அப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார், நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்வார், கதை குழம்பிவிடும். மாமா மகன் விமலன் வியாழக்கிழமை லண்டனுக்கு விமானம் ஏறுகிறான், இந்தக் கடிதத்தையும் நான் கிண்டிய டுரியான் டோடோல் இனிப்பையும் அங்கிருந்து உனக்குத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முதலில் சந்தோஷச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படி. மேரு நிலத்தில் நம்முடைய பதினொரு டுரியான் மரமும் இந்த வருஷம் காய்த்துவிட்டது கண்ணு. ஒன்று இரண்டு இல்லை, கிளை தாங்காமல் கயிறு போட்டுக் கட்டுகிற அளவுக்கு. காலையில் நிலத்துக்குள் நுழைந்தால் வாசனை ஆளைத் தள்ளுகிறது.

உனக்குச் சொல்லாமல் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன், கோபப்படாதே. ஜனவரியிலேயே அப்பா அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட முடிவு செய்திருந்தார். மேருவில் இப்போது எங்கே பார்த்தாலும் தொழிற்சாலை, கண்டெய்னர் லோரி நிறுத்த இடம் போதவில்லையாம், முகுந்தன் என்று ஒரு ஏஜெண்ட் வந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தான். மரத்தையெல்லாம் வெட்டி, கல் கொட்டி மட்டம் பண்ணிவிடுவார்களாம். அப்பாவையும் குற்றம் சொல்ல முடியாது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன், அந்த மரங்களை நம்பி தினமும் மோட்டார் சைக்கிளில் போய் உரம் போட்டு, புல் வெட்டி, இரண்டு வருஷமாகக் காயைவிட இலையைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நீ இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த வருஷம் நட்ட கன்றுகள் அவை. கையுறைத் தொழிற்சாலையில் நான் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றியதை நீயே பார்த்திருக்கிறாய். ஆனாலும் காய்க்காத மரத்தை வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது, நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மரம் ஏன் காய்க்காமல் போனது என்று அப்பாவைக் கேட்டால் ஒரே பதில்தான், வௌவால். மூன்று வருஷத்துக்கு முன்னால் பூப்பூத்த நேரத்தில் பெரிய காற்று மழை அடித்ததே, அந்த வருஷம் விளைச்சல் குறைந்தது. அப்போது ஒரு சாயங்காலம் வௌவால்கள் பூவைச் சுற்றிப் பறப்பதை அப்பா பார்த்தார், மறுநாள் காலையில் மரத்தடியில் பூவிதழும் மகரந்தத் தாளும் பாய் விரித்த மாதிரி கொட்டிக் கிடந்தது. இதுங்கதான் பூவையெல்லாம் தின்னு அழிக்குது என்று முடிவு கட்டிவிட்டார். மூங்கில் கம்புகளை நட்டு, மரத்துக்கு மரம் நடுவே மெல்லிய நைலான் வலையைக் கட்டினார். அதோடு விட்டாரா, அந்த வரிசையில் நிலம் வைத்திருக்கும் ஆறு வீட்டுக்காரர்களுக்கும் போய்ப் பாடம் எடுத்து, அவர்களையும் வலை கட்ட வைத்தார். வலை கட்டிய முதல் வருஷம் காய் பாதியானது. இரண்டாம் வருஷம் பத்து மரத்தில் கை விரல் விட்டு எண்ணலாம். அப்படியும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை, வலை பத்தலை, இன்னும் உயரமா கட்டணும் என்றார். எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கால்வாய் ஓரத்தில் நிற்கிற பதினொன்றாவது மரம் இருக்கிறதே, அதுவரைக்கும் வலை எட்டவில்லை, பாதியில் தீர்ந்துபோனது. அந்த மரம் மட்டும் இரண்டு வருஷமும் காய்த்தது. அப்பாவிடம் சொன்னால், அது தண்ணி பக்கம் நிக்குது லா, அதான் என்று தள்ளிவிட்டார்.

இந்த மார்ச் மாதம் மறுபடியும் பூத்தது. ஏஜெண்ட் காகிதத்தோடு வருவதற்கு இரண்டு வாரம்தான் இருந்தது. கடைசியாக ஒரு தடவை மரங்களைப் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் விடிந்ததும் அப்பாவோடு போனேன். அவர் வாசல் பக்கம் புல் வெட்டும் மெஷினோடு நிற்க, நான் உள்ளே நடந்தேன். நான்காவது மரத்துப் பக்கத்தில் வலையில் ஒரு வௌவால் சிக்கியிருந்தது. என் கையளவுதான் இருக்கும். இறக்கை எல்லாம் நூல் சுற்றி, துடித்துத் துடித்துக் களைத்துப் போய் என்னையே பார்த்தது. பூவைத் தின்கிற வாயைப் பார்க்கலாம் என்றுதான் முதலில் கிட்டே போனேன், உண்மையைச் சொல்கிறேன். அதன் வாயில் பூவிதழ் துணுக்குகூட இல்லை. மூஞ்சி முழுக்க, நெஞ்சு மயிர் முழுக்க, மஞ்சள் தூள் அப்பியிருந்தது. மஞ்சள் டப்பாவில் மூக்கை விட்ட குழந்தை மாதிரி. நீளமான நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்தது. கடித்துத் தின்கிற பிராணிக்கு இவ்வளவு நீள நாக்கு எதற்கு என்று அப்போதுதான் யோசித்தேன். நீ லேப்பில் வேலை பார்க்கிறவள், இதைப் படித்ததும் கத்துவாய், தெரியும். பையில் இருந்த தடித்த ரப்பர் கையுறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டேன், பழைய துண்டால் அதைப் பொத்தி, கத்தரிக்கோலால் வலையை ஒவ்வொரு நூலாக நறுக்கினேன். துண்டைக் கிளையோரம் விரித்து வைத்ததும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது, அப்புறம் தத்தித் தத்திக் கிளையில் ஏறித் தொங்கியது. திரும்பிப் பார்த்தால் அப்பா நிற்கிறார். வலையில் பெரிய ஓட்டை. ஏன் புள்ள, உனக்கு என்ன பைத்தியமா என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கத்தியது அன்றைக்குத்தான். நான் கையுறையில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன், அவ்வளவுதான்.

அன்று மதியமே பண்டமாரானுக்கு பஸ் ஏறினேன். அப்பா டீ குடிக்கப் போகும் ஜெய்னுலாபுதீன் பாய் கடை இருக்கிறதே, அவர் மகள் ரசியா பல்கலைக்கழகத்தில் வௌவாலைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாள் என்று பாய் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நல்ல வேளையாக அன்று வீட்டில் இருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் செய்த முதல் காரியம் என்னைத் திட்டியதுதான். ஆன்டி, கையுறை போட்டிருந்தாலும் வௌவாலைத் தொடவே கூடாது, இனிமே சிக்கினா எனக்கு போன் பண்ணுங்க, ஓகேவா என்றாள். பிறகு ஒரு தட்டில் பலகாரத்தை வைத்துவிட்டு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். இந்தச் சின்ன வௌவாலுக்குப் பூந்தேன்தான் சாப்பாடாம். டுரியான் பூ சாயங்காலம் விரிந்து அந்த ஓர் இரவு மட்டும் தேன் சுரக்கும், ஒரு மரத்துத் தூள் இன்னொரு மரத்துப் பூவில் பட்டால்தான் நன்றாகக் காய் பிடிக்கும், தேன் குடிக்கப் போகிற வௌவால் மூஞ்சியில் அந்தத் தூளைச் சுமந்துகொண்டு மரம் மரமாய்ப் போகிறது. நாம் சமைக்கிற பெத்தாய்க் காய் மரத்துக்கும் அதே கதைதானாம். சரி, டுரியான் வருஷத்தில் சில வாரம்தானே பூக்கிறது, மிச்ச நாளெல்லாம் இதுங்க என்ன சாப்பிடும் என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு. அதான் ஆன்டி சரியான கேள்வி என்றாள். பத்துமலை மாதிரிக் குகைகளில் தூங்கிவிட்டு, இருட்டியதும் அவ்வளவு தூரம் பறந்து, கடலோரச் சேற்றுக் காட்டில் இருக்கும் பெரெம்பாங் மரத்துப் பூவைத் தேடிப் போகுமாம். அந்த மரம் ஏறக்குறைய வருஷம் முழுக்கப் பூத்து அதுகளுக்குச் சோறு போடுகிறது. அந்தச் சேற்றுக் காட்டை வெட்டினால் வௌவாலுக்குப் பட்டினி, வௌவால் போனால் நம் டுரியானுக்குக் காய் இல்லை. பத்துமலைக்கும் கடலுக்கும் நம் மேரு நிலத்துக்கும் இப்படி ஒரு சொந்தம் இருப்பது எனக்கு இந்த வயசிலா தெரிய வேண்டும், அறுபதாகப் போகிறது.

அப்பாவிடம் இதை அப்படியே சொன்னால் ஏற்பாரா. அப்போ காலையில கொட்டிக் கிடக்கிற பூவுக்கு யார் பதில் சொல்றது என்றார். கேள்வி நியாயம்தான். அதற்கு ரசியாவிடம் போகாமல் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய ஜன்னல் திரைத்துணியில் பை தைத்து, பகலிலேயே ஒரு கிளையின் மொட்டுகளை மூடி இறுகக் கட்டினேன், ஈ எறும்புகூட நுழையாது. மறுநாள் காலையில் அப்பாவையே அவிழ்க்கச் சொன்னேன். பைக்குள்ளே இதழும் மகரந்தத் தாளும் உதிர்ந்து குவிந்து கிடந்தது. வௌவால் தொடாத பூவும் தானாகத்தான் உதிர்கிறது. பூ ஒரு ராத்திரி விரிந்து, வேலை முடிந்து, இதழைக் கழற்றிப் போடுகிறது, அதைப் போய் நாம் கொலை என்று நினைத்தோம். அப்பா அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலம் ரசியா எங்கள் இருவரையும் காரில் காப்பார் கடலோரத்துக்குக் கூட்டிப் போனாள். மணி ஏழரை இருக்கும், வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம். பெரெம்பாங் பூ பவுடர் பூசும் தூரிகை மாதிரி விரிந்திருந்தது. கீழே சேற்றில் நண்டுகள் விழுந்த இலையை இழுத்துக்கொண்டு வளைக்குள் ஓடின, நண்டைப் பிடிக்க ஒரு கொக்கு காத்து நின்றது. கொஞ்ச நேரத்தில் வௌவால்கள் வந்தன, ஒன்று, மூன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. ஒரு பூவில் ஒரு விநாடிதான் முகத்தைப் புதைக்கும், அடுத்த பூவுக்குப் போய்விடும். வண்டியில் திரும்பும்போது அப்பா, எத்தனைய கொன்னேனோ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு மனசு கலங்கிவிட்டது.

மறுநாள் காலை அவரே ஏணி வைத்து ஏறி எல்லா வலையையும் அறுத்தார். ஆனால் நம் வலையை மட்டும் எடுத்து என்ன பயன், வருகிற வழியெல்லாம் ஆறு வீட்டு வலை நிற்கிறதே, பூவும் இன்னும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அப்போதுதான் உன் அப்பா செய்தார் ஒரு காரியம், இதை எழுதத்தான் முக்கியமாகப் பேனாவையே எடுத்தேன். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆறு வீட்டுக்கும் தானே போனார். வாசலில் நின்று, நான் சொல்லிக் கொடுத்தது தப்பு, வலையைக் கழட்டுங்க, என்னால உங்களுக்கு ரெண்டு வருஷம் போச்சு, மன்னிச்சிருங்க என்றார். வீட்டில் தண்ணீர்க் குழாயைத் தப்பாகத் திருகினால்கூட ஒப்புக்கொள்ளாத மனுஷன் ஷாமினி, நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஜாவா கம்பம் ஊர் வாகிமான் அண்ணன் சிரித்துக்கொண்டே அன்றைக்கே வலையைக் கழற்றினார். மற்றவர்களும் முனகிக்கொண்டே எடுத்தார்கள், ஒருவர் மட்டும் வௌவாலால் நோய் வருமே என்று பயந்தார், ரசியா அவரிடம் பேசினாள், விழுந்து கடிபட்ட பழத்தைச் சாப்பிடாதீங்க, வௌவாலைத் தொடாதீங்க, அது பாட்டுக்கு அது மேலே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினாள். நமக்குப் பின்னால் நிலம் வைத்திருக்கும் சின்னையா மட்டும் முடியவே முடியாது என்றுவிட்டார். பரமேஸ்வரா, நேத்து ஒண்ணு சொல்ற, இன்னைக்கு ஒண்ணு சொல்ற, உன் பேச்சைக் கேட்டு ஆட நான் என்ன பொம்மையா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, நீ கேக்குறது சரிதான் அண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். ஏஜெண்டுக்கும் போன் போட்டு, பழம் விழுற வரைக்கும் பொறு தம்பி என்றார். அவனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை, ஜூன் கடைசி வரைதான் என்று கெடு வைத்தான்.

அடுத்த சில நாள் சாயங்காலங்களில் நானும் அப்பாவும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மரத்தடியில் உட்கார்ந்தோம். பூ விரிகிற வாசனை புளித்த பால் மாதிரி வரும். முதல் நாள் ஒன்றுமே வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் எட்டு மணிக்கு ஏதோ ஒன்று அப்பாவின் தொப்பியை உரசிக்கொண்டு போனது, வந்துட்டான் புள்ள என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தினமும் வந்தன. அவை ஒன்றும் நமக்கு உதவி செய்ய வரவில்லை, பசிக்கு வருகின்றன. மரமும் தன் காரியத்துக்காகத்தான் தேனைக் கொடுக்கிறது. அவரவர் வயிற்றுப்பாட்டை அவரவர் பார்க்கும்போதே அடுத்தவருக்கும் சோறு வெந்துவிடுகிறது, நடுவில் வலையைக் கட்டியவர்கள் நாம்தான். ஏப்ரல் நடுவில் பிஞ்சு தெரிந்தது. பை கட்டிய கிளையில் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை, பக்கத்துக் கிளையில் கொத்துக் கொத்தாய் முள்ளு முள்ளாய்த் தொங்கியது. அப்பா அந்த இரண்டு கிளையையும் யார் வந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினார். மே மாதம் அணில்கள் வந்து சிலதைக் கொறித்துத் தள்ளின, கம்பை எடுக்கப் போன அப்பா பாதியிலேயே நின்று, போகட்டும், அதுக்கும் வயிறு இருக்கு என்று திரும்பிவிட்டார். இது உன் அப்பாதானா என்று நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் இருபத்தாறாம் தேதி காலையில் முதல் பழம் விழுந்தது. தொம் என்று சத்தம் கேட்டதும் இருவரும் ஓடினோம், இந்த வயசில் ஓட்டம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே கற்பனை செய்துகொள். அன்றே முகுந்தனும் காகிதத்தோடு வந்து நின்றான். அப்பா அவனுக்கு நாற்காலி போட்டு, பழத்தைப் பிளந்து ஒரு சுளையைக் கையில் கொடுத்தார். அவன் மூன்று சுளை சாப்பிட்டுவிட்டு, அங்கிள், இந்த மரத்த வெட்டச் சொன்னா என் அம்மாவே என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டாங்க என்று சொல்லிக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான். சின்னையா அண்ணனின் நான்கு மரத்திலும் எங்கோ ஒன்றிரண்டுதான் காய்த்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், இருக்கவில்லை. ஒரு கூடைப் பழத்தை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கூடையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். போன வாரம் ஒரு காலையில் அவரே நம் வாசலில் வந்து நின்றார், தோளில் சுருட்டிய வலை மூட்டை. தங்கச்சி, இத வச்சி ஒனக்கு பொடலங்கொடிக்குப் பந்தல் போட முடியுமா பாரு, எனக்கு இனிமே வேணாம் என்றார். வௌவால் சிக்காத மாதிரி வலையைப் பந்தலில் இறுக்கிக் கட்டி, கொடியையும் ஏற்றிவிட்டேன். இப்போது அந்த வரிசையில் ஒரு வலையும் இல்லை ஷாமினி, ஏழு நிலத்திலும் வானம் திறந்து கிடக்கிறது.

நேற்று பிரிக்ஃபீல்ட்சில் அப்பாவின் பழைய ரயில்வே நண்பர்கள் கூடினார்கள், வேனில் பழத்தை ஏற்றிக்கொண்டு போனோம். பக்கிரிசாமி அங்கிள் ஒரு சுளையை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, பரமேஸ்வரா, என்ன உரம்டா போட்ட என்று கேட்டார். அப்பா எழுந்து நின்றார். அத்தனை பேர் முன்னாலும், உரம் ஒண்ணும் இல்ல, நான் கட்டுன வலைய என் வீட்டுக்காரி கத்தரிக்கோலால அறுத்தா, மரம் காய்ச்சிருச்சி, அவ்வளவுதான் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டுரியான் ஓட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், ஆனால் மனசுக்குள்ளே எனக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது.

வேறு என்ன கண்ணு. உனக்கு ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு என்று டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டோடு மறக்காமல் போடு, மத்தியானச் சாப்பாட்டை ரொட்டித் துண்டோடு முடித்துக்கொள்ளாதே. டோடோலை லேப்பில் இருக்கும் தோழிகளுக்கும் கொடு, வாசனைக்குப் பயந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கொடு. அடுத்த ஜூன் மாதத்துக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்து டிக்கெட் போட்டுவிடு, டிசம்பர் என்று தள்ளாதே, டிசம்பரில் டுரியான் விழுமோ என்னவோ. வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லாமல், நல்ல துணையோடு, நல்ல உடம்போடு நூறு வருஷம் நீ நன்றாக இரு மகளே. உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உன்னைத் தேடி வருகிறவர்கள் வயிறு நிறைந்து போகட்டும்.

உன்னை நெஞ்சில் சுமந்திருக்கும்,
அம்மா லோகேஸ்வரி